பன்னிரண்டாம் அத்தியாயம்

பொன்னுரங்கத்தின் தாடையை அழுத்திப் பிடித்து, கிழித்த வேட்டித் துண்டால் உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள் மலர்க்கொடி. கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிய பின்தெருக் கொளஞ்சி, வாசலில் ஆள் யாருமில்லையே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டாள்.

"ஏன் மலரு, கொலகாரன் யாருன்னு சொல்லிட்டுப் போனாரா?"

"சொல்லல பெரியம்மா."

"ஒண்ணுமே சொல்லலியா?"

"நாளைக்கு சொல்றேன்னாரு. அதுக்குள்ள பூட்டாரு."

கொளஞ்சி மறுபடியும் குனிந்தாள். கட்டிய முடிச்சையே இன்னொரு முறை அவிழ்த்துக் கட்டினாள்.

செத்துப்போனவர் மலர்க்கொடியின் மாமனார். எழுபத்தொரு வயது. நெஞ்சில் இரண்டு இடத்தில் ஸ்டென்ட் வைத்த மனிதர். காலை ஆறு மணிக்கு டீ எடுத்துக்கொண்டு போனவள் தோளைத் தொட்டதுமே தெரிந்துகொண்டாள். அவர் சாவில் ஒரு மர்மமும் கிடையாது. மர்மமெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருந்த கதையில்தான்.

பண்ருட்டிக்கும் வடலூருக்கும் நடுவே, பாதி பஸ் நின்றும் பாதி பஸ் நிற்காமலும் போகிற வேலங்குப்பத்தில் பொன்னுரங்கம் முப்பத்தைந்து வருஷம் உரக்கடை வைத்திருந்தார். நெஞ்சுவலி வந்தபிறகு மகன் இளவரசு கடையை எடுத்துக்கொள்ள, சும்மா உட்கார முடியாத மனிதர் ஒரு கொலைக்கதை சொல்ல ஆரம்பித்தார். கண்ணில் புரை. அதனால் அவர் சொல்லச் சொல்ல மலர்க்கொடி போனில் தட்டினாள். பேத்தி அனுப்பிரியா அதைக் கடையின் வாட்ஸாப் குரூப்பில் போட்டாள். யூரியா வந்துவிட்டது, டிஏபி தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்காக வைத்த குரூப் அது. இருநூறு விவசாயிகள் அதிலிருந்தார்கள். வியாழக்கிழமைதோறும் ஓர் அத்தியாயம். யூரியா வராத வாரம்கூடப் பொறுத்துக்கொண்டவர்கள் அத்தியாயம் வராத வாரம் கடைக்கே வந்து சண்டை போட்டார்கள். முந்திரிக்கு மருந்து வாங்க வருகிறவன், "தாத்தா, அந்த மில்லுக்காரன்தான?" என்பான். "பொறுடா, பொறு" என்று சிரிப்பார் கிழவர்.

கதை இதுதான். ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு டீச்சரம்மா ஒருநாள் விடியற்காலையில் செத்துக் கிடக்கிறாள். பக்கத்தில் பூச்சிமருந்து பாட்டில். தீராத வயிற்றுவலி, மருந்து குடித்துவிட்டாள், யார்மேலும் சந்தேகமில்லை, பிணத்தை அறுக்க வேண்டாம் என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். உச்சிவேளைக்குள் எரித்தாகிவிட்டது. பேப்பரைப் பார்த்தால் இந்தப் பக்கத்துப் பெண்களெல்லாம் வயிற்றுவலி ஒன்றுக்குத்தான் சாகிறார்கள் என்று தோன்றும். யாரும் அதற்குமேல் கேட்பதில்லை. பல வருஷம் கழித்துக் கடலூரிலிருந்து வருகிற ஒரு லேடி எஸ்.ஐ. மட்டும் கேட்கிறாள்.

எட்டாவது அத்தியாயம் வரைக்கும் மலர்க்கொடிக்கும் அது கதையாகத்தான் இருந்தது. ஒன்பதாவதில் ஒரு மத்தியானம், சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து, கிழவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"போட்டுக்கம்மா. செத்தவங்க பொண்ணு வாசல்ல நின்னுச்சி. ஒம்பது வயசு இருக்கும். அந்தப் புள்ளைக்கு ஒரு பக்கந்தான் தல பின்னியிருந்துச்சி. இன்னொரு பக்கம் அவுந்து கெடந்துச்சி."

மலர்க்கொடியின் விரல் போனிலேயே நின்றுவிட்டது.

அந்தப் பெண் அவள்தான். ஒன்பது வயதில் அவள் அம்மா இருசம்மாள் செத்தபோது, அவளுக்கு ஒரு பக்கம்தான் பின்னியிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் அம்மா ஒரு பின்னலை முடித்து ரிப்பன் கட்டியிருந்தாள். அதற்குள் அப்பா முந்திரித் தோப்பிலிருந்து வந்து, சோறு எங்கே என்று சத்தம் போட்டார். இரு, புள்ளைக்குப் பின்னிவிட்டு வரேன் என்றாள் அம்மா. சத்தம் பெரிதாயிற்று. நீ கொளஞ்சி பெரியம்மா வூட்டுக்குப் போ, அம்மா கூப்புடுறேன் என்று அவளைத் தள்ளி அனுப்பினாள். சுவரொட்டிய அடுத்த வீட்டுக் கொளஞ்சி மற்றப் பக்கத்தைப் பின்ன வந்தபோது, அம்மாதான் பின்னணும் என்று அழுது, அப்படியே தூங்கிப்போனாள். விடிந்ததும் அம்மாவுக்கு வயிற்றுவலி என்றார்கள். பிறகு அம்மா இல்லை என்றார்கள்.

மாமனார் அவள் பக்கம் திரும்பவேயில்லை. "எழுதிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார். எழுதிட்டேன் மாமா என்றாள். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுக் குரூப்பில் அழுகிற பொம்மைகளாக வந்து விழுந்தன.

பதினோராவது அத்தியாயம் போன வியாழக்கிழமை வந்தது. அதில் லேடி எஸ்.ஐ. அந்தப் பாட்டிலைக் கண்டுபிடிக்கிறாள். அந்த மருந்து அந்த ஊருக்கே அன்று காலை ஏழு மணி லாரியில்தான் முதன்முதலாக வந்து இறங்கியது. டீச்சரம்மா செத்ததோ விடியற்காலை ஐந்து மணிக்கு. அப்படியானால் பாட்டில் பிணத்துக்குப் பிறகு வந்தது. அதை அங்கே வைத்த கை யாருடையது? இதோடு நிறுத்திவிட்டார்.

அன்றிலிருந்து மலர்க்கொடிக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா மருந்து குடிக்கவில்லை. இருபத்தெட்டு வருஷமாக, என்னை விட்டுவிட்டுப் போக எப்படி மனசு வந்தது என்று அம்மாமேல் அவள் வைத்திருந்த கோபமெல்லாம் யார்மேல் வைத்திருக்க வேண்டியது? நேற்று மத்தியானம் போனைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கேட்டாள்.

"மாமா, எங்கம்மாவ யாரு கொன்னது?"

கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "நாளைக்கு சொல்றேம்மா. இன்னிக்கி மூச்சு வாங்குது" என்றார்.

அந்த நாளைதான் இது.

ஒன்பது மணிக்குப் பண்ருட்டியிலிருந்து ஃப்ரீசர் பெட்டி வந்தது. பந்தல் போட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கின. இளவரசு அழுதுகொண்டே போன் பண்ணிக்கொண்டிருந்தான். சொந்தக்காரர்கள் வந்து விழுந்து அழுதார்கள். அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்தவர்களில் பாதிப்பேர் மலர்க்கொடியின் காதருகே குனிந்து அதையேதான் கேட்டார்கள். சாவு வீட்டில் கேட்கக்கூடாதுதான், ஆனாலும் மனசு கேட்கவில்லை என்று முன்னுரை வேறு. கொஞ்சம் முன்னாடி எழுதி வைத்துவிட்டுச் செத்திருக்கலாம் என்று ஒருத்தர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

மலர்க்கொடிதான் அழவில்லை. எல்லாரும் கவனித்தார்கள். மகள்மாதிரி வைத்திருந்தாரே மனுஷன் என்று பேசிக்கொண்டார்கள். அது பொய்யில்லை. பதினாறு வருஷத்துக்கு முன்னால் பொன்னுரங்கம் தாமாகவே அவள் அப்பா கதிர்வேலின் வீட்டுக்கு நடந்துபோய், "பொண்ண மட்டும் குடு கதிர்வேலு, வேற எதுவும் வேணாம்" என்று கேட்டுக் கூட்டிவந்தார். மீன் குழம்பு வைத்தால் தலை அவளுக்குத்தான். பிள்ளைப்பேற்றுக்கு வலி எடுத்தபோது, ஆம்புலன்ஸ் வரட்டும் என்று எல்லாரும் சொல்லியும் கேட்காமல், பனியன் லுங்கியோடு வேனைக் கிளப்பி முக்கால் மணி நேரத்தில் கடலூர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் நிறுத்தினார். மருமகளுக்குத் தும்மல் வந்தால்கூட வண்டியை எடுத்துவிடுவார் என்று ஊரே கேலி பண்ணும். அவள் அப்படி ஒரு மாமனாருக்காக உள்ளூரப் பெருமைப்பட்டிருக்கிறாள். இப்போதும் அந்தக் கட்டிய தாடையைப் பார்த்தால் முடிச்சை ரொம்ப இறுக்கிவிட்டோமோ என்றுதான் தோன்றியது. ஆனால் அழுகை வரவேண்டிய இடத்தில் ஒரு கேள்வி குறுக்கே உட்கார்ந்திருந்தது.

பத்து மணிக்கு சுப்பராயலு வந்தார். முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர். எண்பதைத் தொட்ட கிழவர். மாலையைப் போட்டுவிட்டு, நாற்காலியில் உட்காராமல், சமையல்கட்டு வாசல்வரைக்கும் வந்து நின்றார்.

"மருமவளே, ஒரு பேச்சு. மிச்சம் எதுனா எழுதி வெச்சிருக்காரா?"

"இல்ல பெரியப்பா."

"குரூப்ல போடாதது, தனியா, எதுனா?"

"எதுக்கு கேக்குறீங்க?"

"சும்மாத்தான். வயசான காலத்துல மனுசன் என்னென்னமோ சொல்லுவான். கதைய கதையா வுட்டுடணும். பேரு கீரு எதுவும் போட்டாரா?"

கேட்டுவிட்டு அவர் பந்தல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டதை மலர்க்கொடி கவனித்தாள். அம்மாவுக்காகக் கையெழுத்துப் போட்ட ஐந்து பேரில் இவரும் ஒருவர் என்று அப்போது புரிந்தது. அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களில் மூன்று பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான்காவது ஆள் பெட்டிக்குள் இருக்கிறார்.

"பேரு போடல பெரியப்பா. எல்லாருக்கும் வேற பேருதான்."

"அப்பச் சரி" என்று சுப்பராயலு திரும்பி நடந்தார். நாலு எட்டு வைத்துவிட்டு நின்று, "ஒங்கம்மா நல்ல பொம்பள" என்றார். அதை ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாத மாதிரி வேகமாகப் பந்தலுக்குப் போய்விட்டார்.

பத்தரை மணி சிதம்பரம் பஸ்ஸில் கதிர்வேல் வந்து இறங்கினார்.

மகளைக் கட்டிக்கொடுத்த மறுவருஷமே அவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். சிதம்பரம் கீழவீதிப் பக்கம் ஒரு லாட்ஜில் வாட்ச்மேன். இன்னொரு கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர். மகள் பெரியவளாகும்வரை தானே சமைத்து, தானே துணி துவைத்து, வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, தடித்த விரல்களால் இரட்டைப் பின்னல் போடக் கற்றுக்கொண்ட மனிதர். ஊரில் பொண்டாட்டியை இழந்தவனுக்கு உதாரணம் சொல்ல வேண்டுமென்றால் கதிர்வேலைத்தான் சொல்வார்கள்.

சம்பந்தி என்பதால் பிணத்துக்குப் போர்த்துகிற கோடி வேட்டியும் மாலையும் அவர்தான் கொண்டுவர வேண்டும். மேளம் போய்த் தெருமுனையிலிருந்து அழைத்துவரும்வரை அவர் பந்தலுக்குள் நுழையக்கூடாது. துணிப்பையைத் தெருமுனை டீக்கடையில் வைத்துவிட்டு, கொல்லைப்பக்கமாக வந்து, பலாமரத்தடிக் குழாயில் முகம் கழுவினார். மலர்க்கொடி ஒரு சொம்புத் தண்ணீரோடு போய் நின்றாள்.

"சாப்ட்டியா பாப்பா?"

"அப்பா, அம்மா மருந்து குடிச்சிதா?"

குழாய் ஓடிக்கொண்டேயிருந்தது. கதிர்வேல் அதை மூடவில்லை. கையில் ஏந்திய தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகித் தீரும்வரை குனிந்தே நின்றார்.

"இன்னிக்கி என்னா அந்தப் பேச்சு?"

"இன்னிக்கித்தான் அந்தப் பேச்சு. மாமா பாதிய சொல்லிட்டுப் பூட்டாரு. பாட்டிலு காலையில வந்த லாரில வந்துது. அம்மா அதுக்கு முன்னாடியே செத்துடிச்சி. யாரு வெச்சா அந்தப் பாட்டில?"

"சொல்லிட்டாரா." கதிர்வேல் சொம்பை வாங்கினார். குடிக்கவில்லை. "அவருதான் வெச்சாரு. அன்னிக்கி வந்த பொட்டிய ஒடச்சி, ஒரு பாட்டில எடுத்துப் பாதிய கீழ ஊத்திட்டு எடுத்தாந்தாரு. ஏட்டு வர்றதுக்குள்ள."

"எதுக்கு?"

"எனக்காவ. ஒனக்காவன்னுதான் சொன்னாங்க. அஞ்சு பேரும் அதயேதான் சொன்னாங்க. ஆத்தாளும் இல்லாம அப்பனும் உள்ள போயிட்டா பொட்டப்புள்ள என்னா ஆவும்னு."

"நீ அடிச்சியா?"

பந்தலில் யாரோ புதிதாக வந்து ஓவென்று அழுத சத்தம் கேட்டது. 

"தள்ளுனேன்" என்றார் கதிர்வேல். "ஒரே தள்ளு பாப்பா. அங்க ஆட்டுக்கல்லு இருக்குன்னு எனக்குத் தெரியும். நான் போட்ட கல்லுதான். தள்ளுறப்ப தெரியல."

இது மலர்க்கொடி எதிர்பார்த்ததுதான். ஒன்பது வயதிலிருந்தே எங்கேயோ ஒரு மூலையில் அவளுக்கு இது தெரியும். தெரிந்துகொண்டே இந்தக் கையால் சோறு வாங்கித் தின்றிருக்கிறாள். இந்தக் கை பின்னிவிட்ட தலையோடு பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். அந்தக் கையைப் பார்க்க முடியாமல் பலாமரத்தைப் பார்த்தாள். அடிமரத்தில் காய்த்த பிஞ்சுகளின்மேல் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. இவ்வளவுதானா, இதைச் சொல்லவா மாமா பதினோரு வாரம் சுற்றினார் என்று தோன்றியது.

"ஆனா அப்ப சாவல" என்றார் கதிர்வேல்.

மலர்க்கொடி திரும்பினாள்.

"விடியற வரைக்கும் உசுரு இருந்துச்சி. மூச்சு நல்லாத்தான் வந்துச்சி. நான் ஓடுனேன் பாப்பா. ஊருல அன்னிக்கி ஒரே வண்டி அவரு மெட்டடாருதான். இதே வூட்டு வாசல்ல வந்து கால்ல வுழுந்தேன். அவரும் ஓடியாந்தாரு. வந்து பாத்தாரு. பாத்துட்டு, கடலூருக்குத் தூக்கிட்டுப் போனா போலீஸ் கேஸாயிடும், மண்ட ஒடஞ்சத பாத்தா எழுதிப்புடுவாங்க, ஒன்ன உள்ள தள்ளுவாங்க, வண்டியயும் புடிச்சி ஸ்டேஷன்ல நிறுத்திப்புடுவாங்க. வெறும் மயக்கந்தான், விடியட்டும், பாத்துக்கலாம்னாரு."

"நீ என்னா சொன்ன?"

"சரின்னேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். பயம். அவரு இந்தப் பக்கம் ஒக்காந்தாரு, நான் அந்தப் பக்கம் ஒக்காந்தேன். வண்டிச் சாவி அவரு மடியிலதான் இருந்துச்சி. ரெண்டு பேரும் பாத்துக்கிட்டேதான் இருந்தோம்."

மலர்க்கொடி குழாயை மூடினாள். கை அதன்மேலேயே இருந்தது.

"அம்மா எதுனா பேசிச்சா?"

கதிர்வேல் தலையைக் குனிந்துகொண்டார். அறுபத்தாறு வயது மனிதர், சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் அடி வாங்க நிற்பவரைப் போல நின்றார்.

"ஒன்னத்தான் கேட்டா. ரெண்டு தபா கேட்டா. இன்னொரு பக்கம் பின்னணும், புள்ளைய கூப்புடுன்னா."

"ஏன் கூப்புடல?"

கதிர்வேல் சொம்புக்குள்ளேயே பார்த்தார்.

"நான் பக்கத்து வூட்லதான இருந்தேன். செவுத்துக்கு அந்தப் பக்கந்தான. ஏன் கூப்புடல?"

"நீ பாத்துடுவியேன்னு" என்றார் கதிர்வேல்.

இனி கேட்க எதுவும் மிச்சமில்லை. அவளுக்கு இப்போது கொலைகாரன் யாரென்று தெரியும். ஒரு ஆள் கிடைத்திருந்தால் அவள் வெறுத்துத் தீர்த்திருப்பாள். கிடைத்ததோ அவளை வளர்த்தவர் ஒருவர், வாழவைத்தவர் ஒருவர். வெள்ளிக்கிழமை எண்ணெயும், மீன் தலையும், பனியனோடு ஓட்டிய வேனும் ஒவ்வொன்றாக மனதில் வந்து, வந்தபடியே வேறொன்றாக மாறிப்போயின. அத்தனை அன்பையும் அம்மாவுக்குச் சேரவேண்டிய அந்த ஒரு ராத்திரியிலிருந்து எடுத்துத்தான் தனக்குக் கொடுத்தார்கள் என்று நினைத்தாள். நிஜமாகவே வயிறு வலித்தது.

"பாப்பா, நான் கோடி போட வரட்டா, வேணாமா? நீ வேணாம்னா இப்புடியே பஸ் ஏறிடுறேன்."

அவள் பதில் சொல்வதற்குள் அனுப்பிரியா ஓடிவந்தாள். "அம்மா, குளிப்பாட்டப் போறாங்க. பொம்பளைங்கள்லாம் கூப்புடுறாங்க. நீ இன்னும் அழவேயில்லன்னு அத்தைங்க பேசுறாங்கம்மா." பிறகு தாத்தாவைப் பார்த்து, "மேளம் தெருமுனைக்குக் கெளம்பிடுச்சி தாத்தா. நீங்க போங்க" என்றாள்.

கதிர்வேல் சொம்பைக் குழாய்த்திட்டில் வைத்துவிட்டு, கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு போனார். அவள் வேண்டாமென்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

பெட்டியைச் சுற்றிப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு, ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். இளவரசுவின் அத்தை முறைக்காரி ஒருத்தி அண்ணனைச் சொல்லி ஆரம்பித்து, போன வருஷம் செத்த புருஷனில் கொண்டுவந்து முடித்தாள். அப்படித்தான். ஒருத்தர் சாவில் ஊரிலுள்ள பெண்களெல்லாம் அவரவர் பிணத்துக்கு அழுதுகொள்ளலாம். யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். அங்கே பெண்கள் எதைச் சொல்லி அழுதாலும் ஆண்கள் குறுக்கே பேசக்கூடாது.

கொளஞ்சி கை நீட்டி மலர்க்கொடியை வட்டத்துக்குள் இழுத்தாள். தோளை அணைத்துக்கொண்டபோது காதோரம், "ஒம்பதாவது அத்தியாயம் படிச்சி காமிச்சதுலேந்து எனக்குத் தூக்கமே இல்லடி" என்றாள். "செவுத்துக்கு இந்தப் பக்கம் நான் முழிச்சிக்கிட்டுதான் கெடந்தேன்."

மலர்க்கொடி அவள் முகத்தைப் பார்த்தாள். கொளஞ்சி பார்வையை விலக்கவில்லை. கண்ணீர் மட்டும் அதுபாட்டுக்கு வழிந்தது.

தெருமுனையிலிருந்து மேளம் கிளம்பிவிட்டது. சம்பந்தி வருகிறார், சம்பந்தி வருகிறார் என்று நாற்காலிகள் விலகின. மாலையும் மடித்த கோடி வேட்டியும் இரண்டு கைகளில் ஏந்தி, மேளக்காரர்களுக்குப் பின்னால் கதிர்வேல் தலைகுனிந்து வந்துகொண்டிருந்தார். அவர் பந்தலுக்குள் கால் வைத்தபோது மலர்க்கொடி வாய் திறந்தாள்.

"என்னப் பெத்த அம்மா…"

மேளச் சத்தத்தில் முதலில் யாருக்கும் தெரியவில்லை. பெண்களுக்கு மட்டும் கேட்டது. அப்பாடா, அழுதுவிட்டாள் என்று ஒருத்தி முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"ஒத்தப் பின்னலோட ஒம்மவ காத்திருந்தேன்
மத்தப் பின்னலுக்கு மறுநாளு வரலியே… என்னப் பெத்த அம்மா
வாசல்ல மெட்டடாரு வண்டி நின்னுச்சே
பேசுற வாயோட நீயும் கெடந்தியே"

குரல் அவளுடையதாக இல்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது. மேளக்காரர்களில் மூத்தவர் குச்சியைத் தூக்கிக் கை காட்ட, சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. ஒப்பாரியை மறித்துக்கொண்டு அடிப்பது மரியாதையில்லை என்றுதான் நிறுத்தினார். அவருக்கு வேறெதுவும் தெரியாது.

"விடியட்டும் விடியட்டும்னு வெளக்கேத்தி ஒக்காந்தாங்க
மடியில சாவி வெச்சி மாமனாரு ஒக்காந்தாங்க
விடிஞ்சி வருசமும் இருவத்தெட்டு ஆயிடுச்சே
ஒனக்கு விடியலியே… என்னப் பெத்த அம்மா"

இளவரசு பெட்டியின் தலைமாட்டிலிருந்து நிமிர்ந்தான். பந்தலில் ஒருத்தன் போனைப் பையில் போட்டான். பெண்களின் வட்டத்தில் சிலர் கைகள் தோளிலிருந்து நழுவின. கொளஞ்சியின் கை மட்டும் இறுகியது. மலர்க்கொடி முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், பெட்டிக் கண்ணாடிக்குள் தாடை கட்டிய அந்த முகத்தை மட்டும் பார்த்து அழுதாள். அவருக்காகவும்தான் அழுதாள். அதையும் அவளால் நிறுத்த முடியவில்லை.

"தள்ளுன கை ஒண்ணு, தடுத்த கை ஒண்ணு
வெள்ளக் காயிதத்துல வெச்ச கை அஞ்சாச்சே
வவுத்து வலியின்னு வாய்கூசாம எழுதுனாங்க
செவுத்துக்குப் பின்னால நான் செத்தா கெடந்தேன்… என்னப் பெத்த அம்மா"

கடைசி அடியைக் கொளஞ்சி கூட வாங்கிப் பாடினாள். வேறு யாரும் வாங்கவில்லை.

சுப்பராயலு நாற்காலியிலிருந்து எழுந்து, வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடினார். கிடைக்காமல் வெறுங்காலோடு வெயிலில் இறங்கினார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

கதிர்வேல் பெட்டியின் கால்மாட்டில் வந்து நின்றிருந்தார். கோடியை வாங்கிப் பிணத்தின்மேல் போர்த்தவேண்டிய ஆள் இளவரசுவைப் பார்த்தார். இளவரசு மலர்க்கொடியைப் பார்த்தான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நீட்டிய வேட்டியோடு கதிர்வேல் அப்படியே நின்றார். அதன் ஓரத்தில் கடைக்காரன் ஒட்டிய சீட்டு இன்னும் பிரிக்காமல் இருந்தது. வாங்கிக்கொள்ள யாரும் கை நீட்டவில்லை.